‘கண்ணில் கோளாறு இல்லை’ என்று சொல்லி அனுப்புகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கண் மருத்துவர்களுக்கும், குடும்ப மருத்துவர்களுக்கும், பார்வை அளந்து கண்ணாடி எழுதித் தருபவர்களுக்கும்,

வணக்கம்.

என் தந்தையின் கண்களைப் பரிசோதித்த அறையில் அன்று நானும் இருந்தேன். எதிர்ச்சுவரில் ஒளிர்ந்த பலகையின் எழுத்துகளை அவர் பெரிய வரிசையிலிருந்து சிறிய வரிசை வரை படித்துக்கொண்டே வந்தார். ஆனால் ஒவ்வொரு வரிசையிலும் இடது ஓரத்து முதல் எழுத்தை, சில வரிசைகளில் முதல் இரண்டு எழுத்துகளை, விட்டுவிட்டுத்தான் தொடங்கினார். பரிசோதித்தவர் பொறுமைசாலி. “ஐயா, முன்னாடி இன்னொரு எழுத்து இருக்கு பாருங்க” என்று ஒவ்வொரு முறையும் எடுத்துக்கொடுத்தார். அப்பா முகத்தை இலேசாக இடப்பக்கம் திருப்பி, “ஆமா, இருக்கு” என்று அதையும் சரியாகவே சொன்னார். இரண்டு கண்களிலும் முழுப் பார்வை என்று சீட்டில் எழுதப்பட்டது. சொட்டு மருந்து விட்டுக் கண்பாவையை விரித்து விழித்திரையைப் பார்த்தார்கள்; கண்ணின் அழுத்தத்தையும் அளந்தார்கள். அவையும் நன்றாகவே இருந்தன. “கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, வயதுக்கு ஏற்ற மாற்றம்தான்” என்று சொல்லி, கண்ணாடியின் பவரைச் சற்றே மாற்றி எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள்.

அப்பா அவர்களிடம் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: “நாலு நாளா இடது கண் சரியாத் தெரியல.” அது எப்படித் தொடங்கியது என்று யாரும் கேட்கவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தீர்களா என்றும் யாரும் கேட்கவில்லை. எங்களுக்கும் அதைச் சொல்லத் தோன்றவில்லை.

அடுத்த மூன்று வாரங்கள் புதுக் கண்ணாடி பழகட்டும் என்று காத்திருந்தோம். கதவு நிலையில் அவருடைய இடது தோள் அடிக்கடி இடித்தது. செய்தித்தாளை எடுத்தால், ஒரு வரியை முடித்து அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் சலித்துப்போய் மடித்து வைத்துவிடுவார். அந்த மூன்று வாரமும் அவர் இருசக்கர வண்டி ஓட்டினார். இரண்டு முறை பின்னால் உட்கார்ந்து நானே போயிருக்கிறேன். ஒருநாள் திறந்திருந்த அலமாரிக் கதவில் மோதி நெற்றியில் காயம் பட்டு, கட்டுப் போட்டுக்கொள்ளப் போன இடத்தில், பணியில் இருந்த ஓர் இளம் மருத்துவர் காயத்தைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு பெரிய கதவு எப்படி ஐயா தெரியாமல் போயிற்று?” என்று கேட்டார். பிறகு அப்பாவின் எதிரே ஒரு முழத் தொலைவில் உட்கார்ந்து, தன் மூக்கையே பார்க்கச் சொல்லி, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி விரல்களை அசைத்தார். வலப்பக்கத்து விரல் அசைந்தது அப்பாவுக்குத் தெரிந்தது. இடப்பக்கத்து விரல் தெரியவில்லை. இடக் கண்ணை மூடச் சொன்னார். வலக் கண்ணாலும் இடப்பக்கம் தெரியவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அன்று மாலையே நரம்பியல் மருத்துவரைப் பார்த்தோம். பின்மூளையின் வலப்பாதியில் இரத்தம் தடைபட்டு ஒரு பகுதி செயலிழந்திருப்பதை எம்.ஆர்.ஐ. படம் காட்டியது. இதயம் சீரில்லாமல் துடித்ததால் உருவான இரத்தக் கட்டி மூளைக்குப் போயிருந்தது. அதாவது, நாங்கள் கண்ணாடி மாற்றிக்கொண்டிருந்த அந்த மூன்று வாரங்களும், பக்கவாதம் வந்த ஒருவர், அடுத்தது வராமல் தடுக்கும் மருந்து எதுவும் இல்லாமல் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்.

நான் பழி சொல்வதற்காக எழுதவில்லை. அன்று செய்யப்பட்ட பரிசோதனைகள் அத்தனையும் சரியானவை. அவற்றின் முடிவும் உண்மை. அவருடைய கண்களில் கோளாறு இல்லைதான். ஆனால் அது பாதி வாக்கியம். “கண்ணில் கோளாறு இல்லை, ஆகவே கண்ணுக்குப் பின்னால் பார்க்க வேண்டும், இன்னாரிடம், இத்தனை நாளுக்குள் போங்கள்” என்ற மீதிப் பாதியை யாராவது சொல்லியிருக்க வேண்டும். அந்த மீதிப் பாதியைக் கேட்டுத்தான் இந்த மடல்.

உங்களுக்குத் தெரிந்ததை உங்களிடமே சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். இந்த மடலை நோயாளிகளும் அவர்களுடைய வீட்டாரும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். விழித்திரையில் விழும் ஒளி நரம்புச் சைகையாக மாறி, 10 லட்சத்துக்கும் மேற்பட்ட நுண்ணிழைகளால் ஆன பார்வை நரம்பின் வழியே பின்னோக்கிப் போகிறது. இரண்டு கண்களின் நரம்புகளும், மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சற்று மேலே சந்தித்து, பாதி இழைகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்கின்றன. அந்தச் சந்திப்புக்குப் பிறகு இடக் கண், வலக் கண் என்ற பிரிவினை இல்லை. நாம் காணும் உலகின் இடப்பாதி முழுவதும் மூளையின் வலப்பக்கத்துக்கும், வலப்பாதி முழுவதும் இடப்பக்கத்துக்கும் போய், தலையின் பின்புறத்தில், பிடரிக்கு மேலே இருக்கும் பகுதியில்தான் காட்சியாகிறது. வழி நெடுகிலும் எந்த இடத்தில் பழுது ஏற்பட்டாலும் பார்வை கெடும். ஆனால் அந்த வழியில் உங்கள் கருவிகளுக்கு நேரடியாகத் தெரிவது கண்ணும், நரம்பு புறப்படும் அந்தச் சிறு வட்டமும் மட்டுமே.

உலகின் இடப்பாதியை இழந்தவர், “இடது கண் தெரியவில்லை” என்றுதான் சொல்வார். வேறு எப்படிச் சொல்ல முடியும்? இருட்டாகத் தெரிந்தாலாவது ‘அங்கே ஒன்று மறைகிறது’ என்று உணரலாம். அங்கே இருட்டும் இல்லை. முதுகுக்குப் பின்னால் இருப்பது நமக்கு எப்படிக் கறுப்பாகத் தெரிவதில்லையோ, அப்படி அந்தப் பாதி இல்லாமலே போய்விடுகிறது. கூர்மையான பார்வைக்கு உரிய நடுப்பகுதியின் ஒரு பாதி மிஞ்சியிருந்தாலே பலகையின் கடைசி வரிசை வரை படித்துவிட முடியும் என்பதால், எழுத்துப் பலகை இந்தக் குறையைக் காட்டிக்கொடுப்பதில்லை.

நம் மொழியில் பார்வைக் கோளாறுகளைச் சொல்லும் வழக்குகள் எவ்வளவு நுட்பமானவை என்பதை அப்பாவின் நோய்க்குப் பிறகுதான் கவனிக்கத் தொடங்கினேன். கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்பார்கள். பூச்சி பறக்கிறது என்பார்கள். திரை விழுந்தாற்போல் இருக்கிறது, மின்னல் வெட்டுகிறது, ஒன்று இரண்டாகத் தெரிகிறது, எழுத்து ஓடுகிறது, நிறம் வெளுத்துத் தெரிகிறது, எதிரே இருக்கும் பொருளே கண்ணில் படவில்லை என்பார்கள். இவை ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தைச் சுட்டும் குறிப்புகள். எழுந்து நின்றவுடன் இரண்டு கண்களும் இருட்டுவது பெரும்பாலும் இரத்த அழுத்தம் இறங்குவதால். புதிதாகப் பூச்சி பறப்பதும் மின்னல் வெட்டுவதும் விழித்திரையின் குறிப்பு. ஒன்று இரண்டாகத் தெரிவது பல நேரங்களில் கண்ணை அசைக்கும் தசைகளின், நரம்புகளின் குறிப்பு. நோயாளி தன் சொந்த மொழியில் இத்தனை துல்லியமாகச் சொன்ன பிறகும், பதிவுச் சீட்டில் விழுவது ‘பார்வை மங்கல்’ என்ற இரண்டே சொற்கள். உங்கள் உதவியாளர்களிடம் தயவுசெய்து சொல்லுங்கள்: நோயாளி சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதட்டும்.

அதன் பிறகு கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தீர்களா என்பது. இதற்குக் கருவி வேண்டாம், உள்ளங்கை போதும். ஒரு கண்ணை மூடினால் குறை மறைந்து, மற்றதை மூடினால் அப்படியே இருந்தால், பழுது முதலில் மூடிய கண்ணிலோ அதன் நரம்பிலோ இருக்கிறது. எந்தக் கண்ணை மூடினாலும் அதே பக்கம் தெரியவில்லை என்றால், பழுது மூளைக்குள் இருக்கிறது. ஒன்று இரண்டாகத் தெரிகிறது என்பவர்களுக்கும் இதே உள்ளங்கைதான் பதில் சொல்கிறது. ஒரு கண்ணை மூடிய பிறகும் மற்றக் கண்ணுக்குப் பொருள் இரண்டாகத் தெரிந்தால், கண்புரையோ கருவிழியின் வளைவோ காரணமாக இருக்கலாம். அது கண் மருத்துவரின் வேலை. எந்தக் கண்ணை மூடினாலும் இரட்டைக் காட்சி மறைகிறது என்றால், இரண்டு கண்களும் ஒரே திசையில் நோக்கவில்லை என்று பொருள். அங்கே நரம்பியல் மருத்துவர் தேவைப்படுவார். அதிலும் இரட்டைக் காட்சியோடு ஒரு பக்க இமை தொங்கி, அந்தக் கண்ணின் பாவை விரிந்து, தலைவலியும் இருந்தால், மூளையின் இரத்தக் குழாயில் உண்டான ஒரு வீக்கம் நரம்பை அழுத்திக்கொண்டிருக்கக் கூடும். அவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. நேரே அவசர சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். காலையில் சரியாக இருந்து, மாலையாக ஆக இமை தாழ்ந்து, இரட்டையாகத் தெரிந்து, ஓய்வெடுத்தால் சரியாகிவிடுகிறது என்பவர்களுக்குத் தசைக் களைப்பு நோயான மயஸ்தீனியா இருக்கலாம். நீங்கள் பார்க்கிற காலை வேளையில் அவர்கள் நன்றாகவே இருப்பார்கள் என்பதால், அவர்கள் சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் சேர்ந்தால், அதுவும் அவசரம்தான்.

இரண்டாவது கேள்வி நேரம் பற்றியது: எப்படித் தொடங்கியது, எவ்வளவு நேரம் இருந்தது, எப்படி முடிந்தது. வந்து மறைந்த பார்வைக் குறையைப் பற்றி நான் உங்களிடம் மிகவும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் மறைந்துவிட்டதாலேயே அது அலட்சியப்படுத்தப்படுகிறது. ஒரு கண்ணில் மட்டும், மேலிருந்து திரை இறங்குவதுபோல் பார்வை மறைந்து, சில நிமிடங்களில் திரை தூக்கியதுபோல் திரும்பி வந்துவிட்டது என்று ஒருவர் சொன்னால், நீங்கள் பார்க்கும் நேரத்தில் அவருடைய கண் முற்றிலும் நன்றாகவே இருக்கும். ஆனால் கழுத்து இரத்தக் குழாயில் படிந்த கொழுப்பிலிருந்தோ இதயத்திலிருந்தோ புறப்பட்ட ஒரு துணுக்கு விழித்திரையின் குழாயை அடைத்து விலகியிருக்கக் கூடும். இது ஒரு சிறு பக்கவாதம். இதற்குப் பிறகு பெரிய பக்கவாதம் வரும் ஆபத்து முதல் 48 மணி நேரத்தில்தான் மிக அதிகம். அடுத்த வாரம் நேரம் கிடைக்கும்போது வாருங்கள் என்பதற்கு இங்கே இடமில்லை; பக்கவாத சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு அன்றே போக வேண்டும். திரும்பி வராமல் ஒரு கண்ணின் பார்வை வலியின்றித் திடீரென்று போய்விட்டாலும் இதேதான். கூடவே கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், தள்ளாட்டம் எது சேர்ந்தாலும் நிமிடங்களைக் கணக்கிட வேண்டும்; மூளைக் குழாயின் அடைப்பைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டியிருக்கிறது.

ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் இன்னும் சில கேள்விகள் வேண்டும். நெற்றிப் பொட்டில் புதிதாகத் தலைவலி இருக்கிறதா, தலை சீவும்போது தோல் வலிக்கிறதா, மெல்லும்போது தாடை ஓய்ந்து வலிக்கிறதா, உடல் மெலிந்திருக்கிறதா. ஆம் என்றால், தலையின் இரத்தக் குழாய்கள் அழற்சியடையும் ஒரு நோயை நினைக்க வேண்டும். அன்றே இரத்தப் பரிசோதனை செய்து, சந்தேகம் வலுவாக இருந்தால் திசுப் பரிசோதனைக்குக் காத்திராமல் ஸ்டீராய்டு தொடங்க வேண்டியிருக்கும். ஒரு கண் போன பிறகு மற்றக் கண்ணும் சில நாட்களில் போய்விடக் கூடிய நோய் இது. தாடை வலிக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு என்று நோயாளிக்குத் தெரியாது. நீங்கள் கேட்காவிட்டால் அவர் சொல்லவே மாட்டார்.

மைக்ரேன் என்னும் ஒற்றைத் தலைவலியின் முன்னோடிக் காட்சிகளும் வந்து மறைபவைதான், ஆனால் அவற்றின் நடை வேறு. பார்வையின் நடுவுக்கு அருகே ஒரு சிறு புள்ளியாகத் தொடங்கி, ஓரத்தில் கோட்டைச் சுவர்போல் கோணல்மாணலாக மினுங்கும் கோடுகளோடு மெல்ல விரிந்து, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் விளிம்பைத் தாண்டி மறைந்துவிடும். கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளர் தனக்கு வந்த இக்காட்சியைத் தாளில் வரைந்து வரைந்து, மூளையின் மேற்பரப்பில் இந்தத் தொந்தரவு நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று 1941-இல் கணக்கிட்டார். மூன்று ஆண்டுகளில் பிரேசிலைச் சேர்ந்த அரிஸ்டிடீஸ் லியோ, அதே மெதுவான வேகத்தில் மூளையில் பரவும் ஓர் அலையை ஆய்வகத்தில் கண்டார். ஒரு நோயாளி தன் காட்சியை நேரம் குறித்து வரைந்து வைத்தால் அது எவ்வளவு பெரிய சான்றாக முடியும் என்பதற்காகவே இதை இங்கே சொல்கிறேன். அடுத்த முறை வந்தால் கடிகாரத்தைப் பார்த்து ஒரு தாளில் வரைந்து கொண்டு வாருங்கள் என்று நீங்கள் சொல்லி அனுப்பலாம். இளம் வயதிலிருந்தே இப்படி வந்து போகிறவர்களுக்கு அச்சம் பெரும்பாலும் தேவையில்லை. ஆனால் நடுவயதைத் தாண்டி முதல் முறையாக வருவதும், எப்போதும் ஒரே பக்கத்தில் மட்டும் வருவதும், ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிப்பதும், மினுக்கமே இல்லாமல் வெறும் மறைப்பாக வருவதும் நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டியவை. சில நொடிகளே இருந்து, வண்ண வட்டங்களாக, ஒரே வார்ப்பாகத் திரும்பத் திரும்ப வருவது வலிப்பின் ஒரு வகையாகவும் இருக்கலாம்.

குனிந்து நிமிர்ந்தால் சில நொடிகள் பார்வை சாம்பல் பூத்து மறைகிறது, காதுக்குள் நாடித் துடிப்போடு சேர்ந்து இரைச்சல் கேட்கிறது, படுத்தால் தலைவலி கூடுகிறது என்று இளம் பெண் ஒருவர், அண்மையில் எடை கூடியவராகவோ முகப்பருவுக்கு வைட்டமின் ஏ வகை மாத்திரை எடுப்பவராகவோ இருந்து சொன்னால், அது களைப்பு அல்ல. மண்டைக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பின் தலைப்பகுதி வீங்கியிருக்கலாம். இந்த நோயில் கடைசி வரை எழுத்துப் பலகையை முழுமையாகப் படிக்க முடியும். பக்கப் பார்வைதான் முதலில் கரையும். வீக்கத்தைக் கண்டால், முதலில் இரத்த அழுத்தத்தை அளந்துவிட்டு, அன்றே மூளைப் படத்துக்கு அனுப்புங்கள்.

பார்வை நரம்பின் அழற்சியைப் பற்றிச் சொல்லும்போது உங்கள் அறையில் நடக்கும் ஒரு சிறு வரிசைமுறையைச் சுட்டிக்காட்ட வேண்டும். இருபது முதல் நாற்பது வயதுக்குள் இருக்கும் ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண், ஒரு கண் இரண்டு மூன்று நாட்களில் மங்கிவிட்டது, கண்ணை உருட்டினால் உள்ளே வலிக்கிறது என்று வருகிறார். நரம்பு கண்ணுக்குப் பின்னால் அழற்சியடைந்திருந்தால் உள்ளே பார்க்க ஒன்றும் தெரியாது. மருத்துவருக்கும் ஒன்றும் தெரிவதில்லை, நோயாளிக்கும் ஒன்றும் தெரிவதில்லை என்று மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்யும் நிலை இதுதான். ஆனால் ஒரு டார்ச் விளக்கு இதைக் கண்டுபிடித்துவிடும். ஒளியை ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு மாற்றி மாற்றிக் காட்டும்போது, சுருங்க வேண்டிய பாவை விரிந்தால், அந்தப் பக்கத்து நரம்பு பழுதடைந்திருக்கிறது. பல இடங்களில் நடப்பது என்ன? நோயாளி வந்து உட்கார்ந்ததும் காத்திருக்கும் நேரம் வீணாகாமல் இருக்க இரண்டு கண்களிலும் சொட்டு மருந்து விட்டுவிடுகிறார்கள். மருத்துவர் பார்க்கும்போது இரண்டு பாவைகளும் விரிந்து அசைவற்று இருக்கின்றன. டார்ச் சொல்லியிருக்கக் கூடிய ஒரே செய்தி மருந்தில் அழிந்துபோயிருக்கிறது. டார்ச்சுக்குப் பிறகு சொட்டு மருந்து என்ற வரிசையை மட்டும் உங்கள் இடத்தில் கட்டாயமாக்குங்கள். ஒரு சிவப்புப் பேனா மூடியை ஒவ்வொரு கண்ணுக்கும் காட்டி, இரண்டிலும் ஒரே சிவப்பா என்று கேட்பதும் அரை நிமிட வேலை. பழுதான நரம்புக்கு அந்தச் சிவப்பு சாயம்போன செங்கல் நிறமாகத் தெரியும்.

இதில் ‘தானே சரியாகிவிடும்’ என்று விட்டுவிடுவதும் உண்டு. பார்வை பெரும்பாலும் சில வாரங்களில் தானே தெளியும் என்பது உண்மை. ஆனால் 15 ஆண்டுகள் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வில், முதல் முறை வந்தபோதே எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையில் தழும்பு ஒன்றாவது இருந்தவர்களில் 72 சதவிகிதத்தினருக்கும், தழும்பே இல்லாதவர்களில் 25 சதவிகிதத்தினருக்கும் பின்னாளில், உடலின் எதிர்ப்பாற்றலே மூளை, தண்டுவட நரம்பிழைகளின் உறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய் வந்தது. இன்று அந்நோயைக் கட்டுப்படுத்த மருந்துகள் இருக்கின்றன. தொடக்கத்திலேயே தொடங்கினால் பயன் கூடுதல். அதே ஆய்வுதான், வழக்கமான அளவில் ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் கொடுத்தால் அழற்சி திரும்ப வருவது கூடுகிறது என்பதையும் காட்டியது. ஆகவே மாத்திரை எழுதிக் கொடுத்து ஒரு மாதம் கழித்து வரச் சொல்வதற்குப் பதிலாக, சில நாட்களுக்குள் நரம்பியல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பார்வைக் குறை கடுமையாக இருந்தாலோ, இரண்டு கண்களும் சேர்ந்து பாதிக்கப்பட்டாலோ அன்றே பார்க்கச் சொல்லுங்கள்.

மெல்ல வருபவை வேறு வகையில் ஏமாற்றும். இரண்டு ஓரங்களும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, நடக்கும்போது பக்கத்தில் வருபவர்மேல் மோதுகிறவருக்குப் பிட்யூட்டரி கட்டி இருக்கலாம். இன்னொரு வகையினரை நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள், அடையாளம் கண்டிருக்க மாட்டீர்கள் என்று அஞ்சுகிறேன். ஐம்பதுகளின் நடுவிலோ அறுபதுகளின் தொடக்கத்திலோ இருப்பவர்கள். ஓராண்டுக்குள் மூன்று நான்கு கண்ணாடி மாற்றியிருப்பார்கள். எழுத்து தெரிகிறது, ஆனால் வரி தப்பிப் போகிறது. மேசையில் எதிரே இருக்கும் சாவி கண்ணில் படுவதில்லை. படியின் உயரம் பிடிபடுவதில்லை. நினைவு நன்றாக இருப்பதால் யாருக்கும் வேறு எண்ணம் வராது. மூளையின் பின்பகுதி மெல்லச் சுருங்கும் இந்த நோயை 1988-இல் ஃபிராங்க் பென்சனும் அவருடன் பணியாற்றியவர்களும் தனியாக வகைப்படுத்தினார்கள். இதன் பின்னால் பெரும்பாலும் அல்சைமர் நோய் இருக்கிறது. மூன்றாவது கண்ணாடியும் பொருந்தவில்லை என்று ஒருவர் திரும்பி வந்தால், நான்காவது கண்ணாடி எழுதுவதற்கு முன் ஒரு கணம் நிறுத்துங்கள். அதுவே உங்களிடம் என் வேண்டுகோள்.

‘மனப்பிரமை’ என்று சொல்லி அனுப்பப்படுகிறவர்களைப் பற்றியும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பார்வையைப் பெருமளவு இழந்த முதியவர்களுக்கு, இல்லாத மனிதர்களும் உருவங்களும் கோலம்போன்ற வடிவங்களும் தெரிவதுண்டு. தன் பாட்டனாருக்கு இப்படித் தெரிந்ததை 1760-இலேயே ஷார்ல் பொனே என்ற ஜெனீவா அறிஞர் எழுதி வைத்தார். அவர் பெயரிலேயே இது அழைக்கப்படுகிறது. அறிவு தெளிவாக இருக்கும், காண்பது மெய்யல்ல என்றும் அவர்களுக்குத் தெரியும், ஆனால் பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பெற்ற பிள்ளைகளிடமும் மறைப்பார்கள். நீங்களாகக் கேட்டு, இது மனநோய் அல்ல என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர்களுடைய பாதி பாரம் இறங்கிவிடும். இளம் வயதினர் சிலருக்கு, அலைவரிசை கிடைக்காத பழைய தொலைக்காட்சித் திரையைப்போல் பார்வை முழுவதும் நுண்புள்ளிகள் ஓயாமல் துடித்துக்கொண்டே இருக்கும். அவர்களுக்கும் எல்லாப் பரிசோதனைகளும் இயல்பாகவே வரும். அதற்கும் ஒரு பெயர் இருக்கிறது, அதை ஆராய்கிறவர்களும் இருக்கிறார்கள். அவசரம் இல்லாவிட்டாலும், வேறு காரணம் இல்லை என்று உறுதிப்படுத்த நரம்பியல் மருத்துவர் ஒரு முறையேனும் பார்க்க வேண்டும்.

எல்லாரையும் நரம்பியல் மருத்துவரிடம் தள்ளுங்கள், எல்லாருக்கும் எம்.ஆர்.ஐ. எடுங்கள் என்று நான் கேட்கவில்லை. மறுபுறத்துத் தவறும் நடக்கிறது என்பதை அறிவேன். புதிதாகப் பூச்சிகள் பறந்து, மின்னல் வெட்டி, ஓரத்தில் திரை மறைக்கத் தொடங்கியவருக்கு விழித்திரை கழன்றுகொண்டிருக்கலாம்; கண் சிவந்து, வலித்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்து, வாந்தியும் வருகிறவருக்குக் கண் அழுத்தம் ஏறியிருக்கலாம். இவர்கள் தலைப்படம் எடுக்கும் வரிசையில் நின்று பார்வையை இழந்துவிடக் கூடாது. இவர்களுக்கு அன்றே தேவை கண் மருத்துவர். பகுத்தறிவது உங்கள் கையில் இருக்கிறது என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நோயாளிகளின் பக்கத்திலும் ஒரு தயக்கம் இருக்கிறது. நரம்பு என்ற சொல்லுக்கு நம் பேச்சுவழக்கில் நரம்புத் தளர்ச்சி, மனத்தளர்ச்சி என்ற நிழல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. “நரம்பு டாக்டரிடம் போங்கள்” என்று மொட்டையாகச் சொன்னால், ‘எனக்கு ஒன்றுமில்லை என்கிறார், மனசு சரியில்லை என்கிறார்’ என்றுதான் பலர் எடுத்துக்கொள்கிறார்கள்; போகவும் மாட்டார்கள். “கண் படம் பிடிக்கிறது, மூளைதான் பார்க்கிறது, படம் பிடிப்பது நன்றாக இருக்கிறது, பார்க்கும் இடத்தைப் பரிசோதிக்க வேண்டும்” என்று இரண்டு வாக்கியம் கூடுதலாகச் சொன்னால் போதும், இதே சொற்களில்தான் அந்த நரம்பியல் மருத்துவர் அப்பாவுக்கு விளக்கினார், அப்பாவும் அதற்குப் பிறகுதான் எதிர்க்கேள்வி கேட்பதை நிறுத்தினார். அனுப்பும் சீட்டில் ‘நரம்பியல் ஆலோசனை’ என்று மட்டும் எழுதாமல், இன்றே, இந்த வாரத்துக்குள், இந்த மாதத்துக்குள் என்று ஒரு காலக்கெடுவையும், நோயாளி சொன்ன வாக்கியத்தையும், டார்ச்சில் கண்டதையும் எழுதுங்கள். காலக்கெடு இல்லாத சீட்டு வீட்டில் மருந்துப் பெட்டிக்குள் கிடக்கும்.

அப்பா இப்போது இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். இழந்த பாதி திரும்பவில்லை. இந்த வகைப் பக்கவாதத்தில் திரும்புவதில் பெரும்பகுதி முதல் சில மாதங்களிலேயே திரும்பிவிடும் என்றார்கள்; அந்தக் காலம் கடந்துவிட்டது. வண்டியை விற்றுவிட்டோம். படிக்கும்போது பக்கத்தின் இடது ஓரத்தில் ஒரு சிவப்பு நாடாவை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரி முடிந்ததும் அந்தச் சிவப்பு தட்டுப்படும்வரை பார்வையைக் கொண்டுபோகப் பழகியிருக்கிறார். ஒரு பக்கம் படிக்க முன்னைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகிறது, ஆனாலும் படிக்கிறார்.

உங்கள் பரிசோதனை அறையில் நாளை யாரேனும் ஒருவர் பலகையைப் படிக்கும்போது, வரிசைதோறும் ஒரே பக்கத்து ஓர எழுத்தை விட்டுவிட்டுப் படித்தால், அந்த எழுத்தை அவருக்கு எடுத்துக்கொடுக்காதீர்கள். பலகையை அணைத்துவிட்டு, அவர் எதிரே உட்கார்ந்து, உங்கள் மூக்கைப் பார்க்கச் சொல்லி, இரண்டு கைகளையும் நீட்டி விரல்களை அசையுங்கள்.

இப்படிக்கு,
நன்றியோடும் எதிர்பார்ப்போடும்,
அன்று அந்த அறையில் உடனிருந்த மகள்